நான்கு முறை உரித்த மேசை

அந்த வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த வீட்டின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் மனிதர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு, சாயங்காலம் தன் வீட்டு மூன்றாவது மாடிக்கு அறுபத்திரண்டு படிகளை ஒவ்வொன்றாக ஏறி, மூச்சு வாங்க வந்து நிற்பார். "என்னைப் படைச்சவனுக்கு நக்கல் கொஞ்சம் ஜாஸ்தி" என்பது செருப்பைக் கழற்றும்போது அவர் தினமும் சொல்லும் வசனம். அதற்கு வீட்டில் எல்லோரும் சிரிப்பதை நிறுத்தி வருடக்கணக்காகிறது, அவரும் சொல்வதை நிறுத்தவில்லை.

மேசையும் அந்தப் படிகளில்தான் ஏறி வந்தது. ஒரு பழைய கட்டடத்தில் வக்கீல் ஒருவர் அலுவலகத்தைக் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போனது. லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் ஆறு வருடம் தூசியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தது. "தூக்க முடிஞ்சா தூக்கிட்டுப் போ" என்றார் கட்டடத்துக்காரர். அப்பா உடன் வேலை செய்யும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு தூக்கியே விட்டார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் ஒரு முழ நீளத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்தது. யார் கேட்டாலும் அது முன்னாடியே அப்படித்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும் என்பது வீட்டாருக்கு உத்தரவு.

"பெரிய டாக்டர் ஆகப்போறவளுக்கு உக்காந்து படிக்க ஒரு மேசை வேண்டாமா?" என்றார் அப்பா, வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

பெரிய டாக்டர் ஆகப்போகிறவள் பின்கட்டு அறையின் வாசலில் நின்று மேசையைப் பார்த்தாள். அவள் ஏற்கெனவே டாக்டர்தான். நாலரை வருடம் படித்து, ஹவுஸ் சர்ஜனாக ஒரு வருடம் வார்டு வார்டாக ஓடி, அதன் பிறகு நுழைவுத் தேர்வும் எழுதிப் பொது மருத்துவ மேற்படிப்புக்கு ரெசிடென்சி இடம் வாங்கிவிட்டாள். அடுத்த மாதம் விட்டு அதற்கடுத்த மாதம் ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். நடுவில் நாற்பது நாள் இருந்தது. நாற்பது நாள் சும்மா இருப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வீட்டில் அவளுக்குப் பெயர் 'இன்னொருதரம்'. கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனதும், இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்புவாள். அடுப்பை அணைத்தேனா, இன்னொரு தரம். பரீட்சைத் தாளைப் பிடுங்கிக்கொள்ளும் வரைக்கும் இன்னொரு தரம். ஏழு வயதில் ஒட்டிக்கொண்ட பெயர், பட்டம் வாங்கிய பிறகும் போகவில்லை. அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலை. வீட்டிலும் அதே குரலைத்தான் எடுத்துவிடுவாள். "இன்னொருதரம் அவர்கள் குளியலறையிலிருந்து புறப்படுவதில் அரை மணி நேரம் தாமதம் ஏற்பட்டுள்ளது. பயணிகள் பொறுத்தருளவும்." அப்பா பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வரிசையில் நிற்பார்.

மேசையை என்ன செய்வது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. வீடியோக்களைப் பார்த்தாள், குறிப்பெடுத்தாள், கடைக்குப் போய் உப்புத்தாளும் ஸ்பிரிட்டும் மெருகுக்கு அரக்குச் செதிலும் வாங்கி வந்தாள். முதல் நாள் மேசைக்கு ஒரு கேஸ் ஷீட் எழுதினாள், பழக்க தோஷம். 'வயது சுமார் நாற்பது. வலது முன் காலில் ஆட்டம். இரண்டாவது இழுப்பறை திறக்க மறுக்கிறது. மேல் பரப்பில் மைக்கறைகள், பழையவை. நோயாளி பேச்சுக்கு ஒத்துழைக்கவில்லை.'

மேல் பலகை முழுத் தேக்கு இல்லை. மலிவான மரத்தின் மேல் மெல்லிய தேக்குத் தோல் ஒட்டியிருந்தது. கடைக்காரர் அதை வெனீர் என்றார். ஆறு வருட ஈரத்தில் அந்தத் தோல் அங்கங்கே அடியிலிருந்து விட்டுப் போயிருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கே விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவள் யோசிக்கவே இல்லை. இடது கையின் நடுவிரலைப் பலகையில் அழுத்தி வைத்து, வலது நடுவிரலால் அதன் மேல் தட்டினாள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கத் தட்டுவது அப்படித்தான். ஒட்டியிருந்த இடத்தில் கெட்டியாக ஒரு சத்தம், விட்டிருந்த இடத்தில் உள்ளே யாரோ குடியிருப்பதுபோல ஒரு பொள்ளல் சத்தம். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனாள். பதினோரு வட்டம்.

அப்புறம் ஊசி. வட்டத்தின் ஓரத்தில் பிளேடால் மயிரிழைக் கீறல் போட்டு, சிரிஞ்சில் பசையை ஏற்றி உள்ளே செலுத்தி, மேலே கனமான மருத்துவப் புத்தகங்களை அடுக்கி வைத்தாள். அந்தப் புத்தகங்கள் அதுவரை யாருக்கும் அவ்வளவு உபயோகப்பட்டதில்லை.

"பேஷண்ட்டுக்கு ஊசி போட்டாச்சா? காய்ச்சல் எறங்குச்சா?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எறங்கிட்டு இருக்கு. சத்தம் போடாத, தூங்குது" என்றாள் அவள்.

அந்த நாட்கள் நல்ல நாட்கள். அதை மறைப்பானேன்? பின்கட்டு அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். காலை ஒன்பது மணிக்கு வெயில் அதன் வழியே நுழைந்து தரையில் உட்காரும், பதினொன்றுக்கு மேசையில் ஏறும், ஒரு மணிக்குச் சுவருக்குப் போய்விடும். பழைய பூச்சை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க, கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் உரிந்து வந்தது. அடியில் தேக்கின் ரேகைகள் தெரிந்தன. ஒரு ரேகையைப் பிடித்துக்கொண்டு விரலால் போனால் அது வளைந்து, ஒரு கணுவைச் சுற்றி, மறுபடி நேராகி, பலகையின் ஓரத்தில் முடியும். முடிகிற இடத்தில் அவள் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். ஸ்பிரிட் வாசனையில் தலை லேசாக மிதக்கும். தெருவில் ஹார்ன் அடிப்பது எங்கேயோ வேறு யாருக்கோ அடிப்பது மாதிரி கேட்கும். மணி என்னவென்று அம்மா வந்து அறிவித்தால்தான் தெரியும்.

கையில் துணிப்பந்து. பழைய பனியன் துணிக்குள் பஞ்சை வைத்து முடிச்சுப் போட்டது. அதை அரக்குக் கரைசலில் தோய்த்துப் பலகையில் எட்டுப் போட்டுப் போட்டுத் தேய்க்க வேண்டும். நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும். கை எட்டுப் போட்டுக்கொண்டே இருக்கும்போது மனசு அதுபாட்டுக்கு எங்கேயோ போகும். பெரும்பாலும் நல்ல இடங்களுக்குத்தான் போகும். யாருமே இல்லாத வார்டு ஒன்று அவளுக்கு அடிக்கடி தோன்றியது. எல்லாக் கட்டிலிலும் வெள்ளை விரிப்பு, ஜன்னல்கள் திறந்து கிடக்கின்றன, காற்று விரிப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கிறது. அவள் மெதுவாக நடந்து போகிறாள். அவசரமே இல்லை. அந்தக் கனவில் நோயாளிகளே இல்லை என்பதை அவள் கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தாள். கவனித்ததும் கை நின்றுவிட்டது, துணி ஒட்டிக்கொண்டது.

நோயாளி இல்லாத வார்டு அவளுக்கு ஏன் இனித்தது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, ஒரு மதியம், அவசரப் பிரிவு. ஏழாம் கட்டிலில் ஒரு அம்மாவுக்கு மூச்சிரைப்பு. அவரைக் கவனித்து, மருந்து கொடுத்து, மூச்சு சீரானதும் அவள் குறிப்பு எழுத உட்கார்ந்தாள். எழுதியதைப் படித்தாள். மருந்தின் அளவை இன்னொரு தரம் சரிபார்த்தாள். போய் நாடி பார்த்துவிட்டு வந்தாள். ஒரு வரி கோணலாகத் தெரிந்தது, தாளை மாற்றி முழுவதும் திரும்ப எழுதினாள். இதற்கு நடுவில் பன்னிரண்டாம் கட்டிலில், சிறுநீர் அடைத்துக்கொண்ட ஒருவர் இரண்டு மணிக்கு வந்து படுத்திருந்தார். ஏதோ கம்பெனியில் வாட்ச்மேன், உடன் வர ஆளில்லை. ஒரு குழாயைப் போட்டால் ஐந்து நிமிட வேலை. அவள் அவரிடம் போனபோது மணி ஆறு. அவருடைய விரல்கள் கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து வெளுத்துப் போயிருந்தன. வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. நாலு மணி நேரம், அந்த மனிதர் சத்தம் போடாமல் அப்படிக் கிடந்திருக்கிறார்.

"ரொம்ப லேட் ஆயிடுச்சு, ஐயா" என்றாள் அவள். கையில் குழாயை எடுத்துக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா. நீங்க வேலையா இருந்தீங்க" என்றார் அவர்.

குழாய் போட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் நலமாக வீட்டுக்குப் போனார். யாரும் புகார் கொடுக்கவில்லை. சீனியர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "ஒரே ஒரு பேஷண்ட் இருந்தா உன்ன மாதிரி டாக்டர் கிடையாது. நமக்கு நாப்பது பேர்." அதுகூட அவளைச் சுடவில்லை, உண்மைதானே. அந்தப் 'பரவாயில்லம்மா'தான் எட்டு மாதமாக உள்ளே கிடந்து அரித்தது. திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள். அவர் மன்னித்துவிட்டார், அந்த மன்னிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதனால் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ரெசிடென்சி இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவது. இருபத்திரண்டாம் தேதி மாலை நாலு மணிக்குள் கொடுத்தால் வரிசையில் அடுத்து இருப்பவருக்கு அந்த இடம் போகும். அதற்குப் பிறகு விட்டால் யாருக்கும் இல்லாமல் வீணாகும். கடிதத்தை அச்செடுத்துத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். எங்கேயாவது ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் துண்டுகளையும் நுண்ணோக்கியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். அங்கே யாரும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள்.

மேசை முடிந்ததும் வீட்டில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். ஆனால் மேசை முடிய வேண்டுமே!

முதல் தரம் உரித்தது பழைய பூச்சு, அது நியாயம். புதுப் பூச்சு ஆறு தடவை ஏற்றிய பிறகு சாய்ந்து பார்த்தால் நாலைந்து தூசித் துகள் மேலே ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டை ஊற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மொத்தத்தையும் எடுத்துவிட்டாள். அது இரண்டாவது. அடுத்த முறை ஜன்னலை மூடி, தரையை ஈரத்துணியால் துடைத்து, மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடாமல் பூசினாள். கண்ணாடி மாதிரி வந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் ஒரு பஞ்சிழை, கண்ணிமை நீளத்துக்கு, உள்ளே புதைந்து கிடந்தது. மூன்றாவது தரமும் உரித்தாள்.

"இது எத்தனாவது ஜென்மம்?" என்றார் அப்பா, வாசலில் நின்று. "மோட்சமே கிடையாதா அதுக்கு?"

"கொஞ்சம் சரியா வரலப்பா."

"எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது."

"உங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியும்."

"அது உண்மைதான்" என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார். அவர் சுபாவம் அப்படி. நாள் முழுவதும் இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிறுகளோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு வீட்டில் வெளிச்சம் எரிந்தாலே அழகு.

மூன்றாவது பூச்சில் எல்லாம் கூடி வந்தது. தூசி இல்லை, இழை இல்லை. இருபதாம் தேதி மதியம் வெயில் மேசையில் ஏறியபோது தேக்கு உள்ளிருந்து எரிவது போல இருந்தது. அவள் அதன் முன் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது, ஆனால் மேசை முடிந்துவிட்டது. இனிமேல் வீட்டில் சொல்லியாக வேண்டும்.

முகம் கழுவிக்கொண்டு வரப் போனாள். திரும்பி வந்தால், மேசையின் நட்ட நடுவில் கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் தேநீர் ஆவி பறக்க நின்றுகொண்டிருந்தது.

"எடுத்துக்கோ, ஆறிடப் போகுது" என்றாள் அம்மா. மதிய முறை வேலைக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

டம்ளரைத் தூக்கினால் அடியில் வெள்ளையாக ஒரு வளையம்.

"அம்மா! இது மேலயா கொண்டாந்து வைப்பே?"

"வேற எங்க வைப்பாங்க? மேசைதானே?" என்றாள் அம்மா, நிஜமாகவே புரியாமல்.

அந்த வளையத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக ஒற்றி எடுத்திருந்தால் போயிருக்கும். இரண்டு நிமிட வேலை. அது அவளுக்கும் தெரியும், குறிப்புப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள். ஆனால் ஒற்றி எடுத்த இடம் மட்டும் தனியாகத் தெரிந்தால்? அவள் உப்புத்தாளை எடுத்தாள். மொத்தத்தையும் தேய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வெயில் சுவருக்குப் போனது தெரியாமல் தேய்த்தாள். ஊதித் தூளைப் பறக்கவிட்டபோது, நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு வேறு ஒரு நிறம் தெரிந்தது. வெளிறி, ரேகையே இல்லாமல், அட்டை மாதிரி. தேக்குத் தோல் தேய்ந்து போய், அடியில் இருந்த மலிவு மரம் வெளியே வந்துவிட்டது.

நாலு தரம் உரித்தால் எவ்வளவு தடிமன்தான் மிஞ்சும்? வெனீர் என்பதே ஒரு காகிதம் இரண்டு காகிதம் கனம். தேய்த்தது தேய்த்ததுதான், ஒட்ட வைக்க முடியாது, பூசி நிரப்ப முடியாது. அவள் அந்த வெளிறிய இடத்தில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு மேசைக்கு இப்படி யாரும் அழ மாட்டார்கள் என்று அம்மாவுக்கு வாசலில் நின்று பார்த்தபோதே புரிந்துவிட்டது.

அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டாள். எல்லாம் வெளியே வந்தது: பன்னிரண்டாம் கட்டில், நாலு மணி நேரம், பரவாயில்லம்மா, தலையணை உறைக்குள் இருக்கும் கடிதம்.

அம்மா அறிவிப்புக் குரலை எடுக்கவில்லை. மகளின் கையை அந்த வெளிறிய இடத்திலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கோபமா வருது" என்றாள். "எட்டு மாசமா தனியா வெச்சுட்டு இருந்திருக்கே. எங்ககிட்ட சொல்ல என்ன?"

"சொன்னா, பரவாயில்லன்னு சொல்லுவீங்க."

"சொல்லத்தான் சொல்லுவோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம்னு தோணிச்சுன்னா போய் எழுதிக் குடுத்துடு. ஆனா நாலு மணிக்குள்ள குடு. பஸ் போனப்புறம் ஓடி வந்து நிக்கறவங்கள தினமும் பாக்கறேன். எம் பொண்ணு அப்படி நிக்கக் கூடாது."

அன்றைக்குப் பேருந்து நிலையத்தில் மதிய முறையின் முதல் அறிவிப்பு இருபது நிமிடம் தாமதமாக வந்தது. பயணிகள் பொறுத்துக்கொண்டார்கள்.

இருபத்திரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு அவள் மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் இருந்தாள். நீளமான அறை, பச்சைப் பெயிண்ட், மின்விசிறி இருக்கிறேன் என்று காட்டுவதற்காகச் சுற்றியது. ஒரே ஒரு எழுத்தர். கட்டுக் கட்டாகக் கோப்புகளுக்கு நடுவில் நரைத்த தலை மட்டும் தெரிந்தது. "உக்காருங்க, இதோ" என்றார். அவள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவருக்கு முன்னால் யாருடைய கோப்போ இருந்தது. ஒவ்வொரு தாளையும் எடுத்து, ஓரங்களைத் தட்டி ஒன்றாக்கினார். எண் போட்டார். இருபத்தெட்டாவது பக்கத்தில் எண் கொஞ்சம் சாய்ந்து விழுந்துவிட்டது. வெள்ளை மையால் அழித்து, அது காயும்வரை ஊதி, மறுபடி எழுதினார். முத்திரையை ஒரு வெற்றுத் தாளில் குத்திப் பார்த்து, திருப்தியில்லாமல் துடைத்து, மறுபடி குத்திப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து தாள்களை எண்ணினார். பன்னிரண்டு மணி ஆயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது, யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி. ஒரு மணி ஆயிற்று, சிரிப்புப் போய்விட்டது. பசித்தது. பெஞ்சின் ஆணி ஒன்று தொடையில் குத்தியது. எழுந்து போகவும் முடியாது, போனால் கூப்பிடும்போது இல்லாமல் போய்விடும். மனிதன் நிமிர்ந்தாவது பார்க்கக் கூடாதா? ஒரு தரம், ஒரே ஒரு தரம், நீ இருக்கிறாய் என்று தெரியும் என்கிற மாதிரி ஒரு பார்வை? இரண்டு மணிக்கு அந்த முத்திரையைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறியலாமா என்று அவள் மனதார யோசித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சாதுவான பெண்.

இரண்டேகாலுக்கு அவர் கோப்பை மூடினார். நிமிர்ந்தார். முகத்தில் நிஜமான திகைப்பு.

"அடடா. ரொம்ப நேரமா உக்கார வெச்சுட்டேனே. மன்னிக்கணும்மா."

"பரவாயில்ல சார்" என்றாள் அவள். "நீங்க வேலையா இருந்தீங்க."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

எங்கே இருந்து வந்தது அது? வாய் தானாகச் சொல்லியது, புன்னகையும் தானாக வந்தது. மன்னிப்பா? மண்ணாங்கட்டி. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அவர் இன்னும் அவள் வேலையைச் செய்து கொடுக்க வேண்டும், அதனால் சொன்னாள். வேறு எதற்கும் இல்லை.

அப்படியானால் பன்னிரண்டாம் கட்டில்காரர்?

அவர் மன்னிக்கவே இல்லை. அவளுக்கு அது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. நாலு மணி நேரம் வலியில் கிடந்த மனிதர் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். கண்டபடி திட்டியும் இருப்பார், வாய்க்குள். குழாய் இன்னும் அவள் கையில் இருந்ததே! 'பரவாயில்லம்மா' என்றால், பேசிக்கொண்டு நிற்காதே, ஆரம்பி, என்று அர்த்தம். எட்டு மாதமாக அவள் ஒரு மகானைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அங்கே இருந்தது கோபத்தில் இருந்த ஒரு வாட்ச்மேன். கோபப்படுகிறவர் போய்விடு என்று சொல்வதில்லை. சீக்கிரம் வந்து தொலை என்றுதான் சொல்வார். அவளும் இந்த மூன்றே கால் மணி நேரமாக, இந்த எழுத்தர் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை. நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

"என்ன விஷயமா வந்தீங்க?" என்றார் எழுத்தர்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபது. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டாள்.

"ஒண்ணாம் தேதி ஜாயின் பண்றதுக்கு," என்றாள், "என்னென்ன பேப்பர் கொண்டு வரணும்னு கேக்கத்தான் சார்."

படிகளில் இறங்கினாள். பயம் போய்விட்டது என்று யாராவது நினைத்தால் தவறு. பயம் முழுசாக இருந்தது, அதுபாட்டுக்குப் பக்கத்தில் இறங்கி வந்தது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடிதத்தை எட்டாக மடித்தாள். வெளியே மதியம் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. மரங்களும் கடைகளும் தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரிந்தன. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

மிச்சமிருந்த எட்டு நாளில் அவள் மேசைக்கு மூன்றே மூன்று பூச்சுக் கொடுத்தாள். நடுவில் இருந்த வெளிறிய இடம் அரக்கை வேறு மாதிரி குடித்து, கொஞ்சம் இருண்டு நின்றது. எங்கே இருந்து பார்த்தாலும் தெரிந்தது. அப்பா வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவள் மறுப்புச் சொல்லவில்லை என்பதால் அவருக்கு லேசாகக் கவலை வந்தது. அன்று சாயங்காலமே அம்மா அதன் மேல் காய்கறிப் பையைக் கொட்டினாள்.

ஒன்றாம் தேதி விடிந்தது. அம்மா புறப்பாட்டை அறிவிக்கவில்லை. வாசல் வரை வந்து கழுத்துப் பட்டையைச் சரி செய்துவிட்டு, "போய்ட்டு வா" என்று சாதாரணக் குரலில் சொன்னாள். அந்தச் சாதாரணக் குரல்தான் அவளை அழவைக்கப் பார்த்தது, படிகளில் வேகமாக இறங்கிவிட்டாள்.

வார்டில் நாற்பத்திரண்டு கட்டில். ஒன்றில்கூட விரிப்பு வெள்ளையாக இல்லை. தரையில் பாய் விரித்தும் சிலர் இருந்தார்கள். ஒருவர் இருமினார், ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ யாரையோ போனில் அதட்டினார்கள். பதினொரு மணிக்கு அவள் ஒன்பதாவது நோயாளியின் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள். கை வழக்கம்போல முதல் வரிக்குத் திரும்பப் போனது. அப்போதுதான் அறையின் மறுகோடியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது, ஊரையே எழுப்புகிற குரல்.

"ஏம்மா, ஏய், கண்ணாடி போட்ட டாக்டரு! எவ்வளவு நேரமா கூப்பிடறேன், காது அடைச்சுப் போச்சா? மனுசி செத்தப்புறந்தான் வருவீங்களா?"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதல் நாள், முதல் திட்டு, அதுவும் நாற்பத்திரண்டு பேர் முன்னால். அவள் முகம் சூடாகியது. ஆனால் அந்தக் குரல் முழுக்க முழுக்க உயிரோடு இருந்தது, அவளைத்தான் கூப்பிட்டது. எழுதிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றது. பேனாவை அப்படியே போட்டுவிட்டுக் கட்டில்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட ஓடினாள்.

"வந்துட்டேன்மா. மிச்சத்த அப்புறமா திட்டுங்க," என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள், "முதல்ல எங்க வலிக்குதுன்னு காட்டுங்க."